ஆகாயத்தில் ஒரு தவறணை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் பஸ் வண்டியில் வெறிகாரன் ஒருவன் ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. முதலில் அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் தேடுவார். பின்னர் வயோதிபர் ஒருவர் புத்தி சொல்லுவார். அதற்கும் அவன் அடங்காவிடின் கொண்டக்டர் மணியை அடிப்பார். முறிகண்டியிலோ வவுனியாவிலோ வண்டி நிற்கும். வெறிகாரனும் அவனது உரப்பையும் வீதியோரத்தில் இறக்கப்படுவர். புகையிரதமாயின் அடுத்த நிலையம் உண்டு. கப்பலாயின் மேற்றட்டுக்குச் சென்று கடற்காற்றில் நின்றுகொள்ளலாம். இறக்கிவிடுதல், அல்லது விலகிப்போதல் என்னும் இந்த எளிய வைத்தியம் பலியாத வாகனம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஆகாய விமானம். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறக்கும் அந்த நீண்ட குழாயில் கதவுகள் பல உண்டு; ஒன்றையேனும் திறக்க இயலாது.

அப்படியாயின் வெறித்த நிலையில் விமானத்தில் இருப்பவனுடைய நடத்தைக்குப் பொறுப்பாளி யார்? குடித்தவனே என்பது எல்லார் வாயிலும் உடனே வரும் விடை. அது சரியான விடைதான். ஆயினும் அது முழு விடை ஆகுமா என்பதைச் சிந்திக்கும்படி செய்தது ஐரோப்பாவில் நான் செய்த சிறு பிரயாணம் ஒன்று.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், லண்டனில் வாழும் என் தமக்கையார் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். ஸ்பானிய தேசத்துக்கு உரிய மயோர்க்காத் தீவுக்கு ஐந்து நாள் போய் வரலாம் என்றார் அத்தான். அத் தீவின் பேராலயத்தைப் பற்றிப் படித்திருந்தமையால் நானும் மகிழ்ச்சியுடன் இசைந்தேன். அங்கே மலிவான டிக்கட் என்றால் பெரும்பாலும் அதிகாலை விமானம் என்று பொருள். ஆறரை மணிக்குப் புறப்படும் விமானத்துக்காக நாங்கள் நால்வரும், அதாவது அக்கா, அத்தான், பதினான்கு வயதுடைய மருமகள், நான் ஆகியோர், விடியுமுன்பே விமான நிலையத்தை அடைந்தோம்.

பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே சென்றால் ஒரு பெரிய மண்டபம் விரிகின்றது. அதனை விமான நிலையம் என்பதிலும் கடைவீதி என்பதே பொருந்தும். வாசனைத் தைலங்களும் சொக்கிலேற்றுகளும் கைக்கடிகாரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றுக்கு நடுவே, பழைய ஆங்கிலக் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து வைத்தாற்போல, மரத்தூண்களும் பித்தளை விளக்குகளும் கொண்ட மதுச்சாலை ஒன்று. நேரம் காலை நாலரை மணி. நமது ஊரில் கோயில் மணி ஒலிக்கும் வேளை. அங்கே ஒலித்தவை பியர்க் குவளைகள். இளைஞர் மட்டுமல்லர், நரைத்த தலையினரும், குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாரும் அவ்விடத்தில் இருந்தனர். விடுமுறை என்பது அந்த முதற் குவளையுடன் தொடங்குகிறது என்பது அங்கே பலருடைய எண்ணம் போலும்.

ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர் பன்னிருவர் ஒரு நீண்ட மேசையைச் சூழ்ந்திருந்தனர். சட்டையின் முன்புறத்தில் ஒரு குழந்தையின் படம் அச்சிடப்பட்டிருந்தது. விரைவில் மணமகனாகப் போகும் நண்பனின் குழந்தைப்பருவப் படமாம் அது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைத் தோழர்கள் எங்கேனும் அழைத்துச் சென்று குடித்துக் கூத்தாடி வருவது அந்நாட்டு வழக்கம். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் பெட்டி சக்கரம் இடறிக் கவிழ்ந்தபோது ஓடி வந்து நிமிர்த்தித் தந்தவன் அவர்களுள் ஒருவனே. சிவந்த முகம், நல்ல சிரிப்பு, மூச்சில் மட்டும் விஸ்கி.

"இந்த நேரத்தில் விற்கச் சட்டம் விடுமா?" என்று அத்தானைக் கேட்டேன். அவர் லண்டனில் சிறிய பலசரக்குக் கடை ஒன்று நடத்துபவர். அங்குள்ள நம்மவர் கடைகள் பலவற்றிற் போல அதிலும் ஒரு தட்டில் மதுப் போத்தல்கள் உண்டு. அதற்கு அநுமதிப்பத்திரமும் உண்டு. ஆகையால் அவருக்கு இச் சட்டம் மனப்பாடம்.

"தம்பி, என்ர கடையில வெறியோட வாறவனுக்கு ஒரு போத்தில் வித்தாலும் லைசென்சுக்கு ஆபத்து. நகரசபைக்காரர் வந்து நிப்பினம். இந்தச் சோதனையைத் தாண்டி உள்ளுக்கு வந்திட்டால் அந்த லைசென்ஸே தேவையில்லை" என்றார்.

பின்னர் ஆராய்ந்து பார்த்தேன். அவர் கூறியது முற்றிலும் உண்மை. இங்கிலாந்திலும் வேல்சிலும் மதுவிற்பனையை ஆளுவது 2003ஆம் ஆண்டின் அநுமதிச் சட்டம். கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், யாருக்கு விற்கலாகாது என்பன யாவும் அதனுள் அடங்கும். வெறித்தவனுக்குத் தெரிந்துகொண்டே மது விற்பது குற்றம். ஆனால் பெரிய சர்வதேச விமான நிலையங்களில், பாதுகாப்புச் சோதனைக்கு அப்பாற்பட்ட பகுதிக்கு அச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. பழைய காலத்தில், விமானங்கள் பிந்தி நள்ளிரவிலும் காத்துக் கிடந்த பிரயாணிகளின் வசதிக்கெனப் பிறந்த எண்ணமாகலாம் அது. பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2017ஆம் ஆண்டில் இச் சட்டத்தை ஆராய்ந்து, அவ் விலக்கை நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டில் அரசாங்கமும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நாங்கள் பிரயாணம் செய்த 2023இலோ அந்த மதுச்சாலை விடியற்காலையில் நிரம்பி வழிந்தது. நம் நாட்டில் ஒரு கள்ளுத் தவறணைக்குக்கூட அநுமதிப்பத்திரமும் பூட்டும் நேரமும் உண்டு. போயா தினத்தில் கதவு திறக்கலாகாது. தவறணையிலிருந்து வெளியேறுபவன் ஒழுங்கையிலே விழுவான். அந்த மண்டபத்திலிருந்து வெளியேறுபவனோ விமானத்தில் ஏறுகின்றான்.

எங்கள் ஆசனங்கள் அடுத்தடுத்துக் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் மருமகள், நடுவில் நான், அக்காவும் அத்தானும் ஆறு வரிசை பின்னால். எனது மறுபக்கத்தில், நடைபாதையோரமாக வந்து விழுந்தவன் வேறு யாருமல்லன். அக்காவின் பெட்டியை நிமிர்த்திய அதே இளைஞன். அவன் கையில் தோடம்பழச் சாற்றுப் போத்தல் ஒன்று இருந்தது. அதனுள் இருந்தது தோடம்பழச் சாறு மட்டுமல்ல என்பதை மூக்கு அறிவித்தது. விமானத்துக்குள் தான் கொண்டுவந்த மதுவைப் பிரயாணி அருந்தக்கூடாது என்பது பொதுவான விதி. அமெரிக்காவில் அது சட்டமே. விமானச் சிப்பந்திகள் ஊற்றித் தந்தாலன்றி ஒரு துளியும் அருந்தலாகாது. அத்துடன், வெறித்தவராகத் தோன்றுபவரை விமானத்தில் ஏற்றவும் கூடாது, ஏறியபின் அத்தகையவருக்கு மது கொடுக்கவும் கூடாது என்று அச் சட்டம் விமானக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. பிரித்தானியச் சட்டம் பிரயாணியின் பக்கம் பார்க்கிறது: வெறித்த நிலையில் விமானத்தில் ஏறுவதே குற்றம், அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். விமானத்தின் பாதுகாப்புக்கே ஊறு செய்தால் ஐந்து ஆண்டு. இத்தனை கடுமையான சட்டம் உள்ள தேசத்தில், அந்த இளைஞன் இரண்டு சிப்பந்திகளுக்கு முன்னால் தள்ளாடிக்கொண்டே ஏறினான். இருவரும் "வணக்கம்" கூறி வரவேற்றனர்.

விமானம் மேலெழுந்து அரைமணி நேரத்தில் பணிப்பெண் ஒருத்தி தள்ளுவண்டியுடன் வந்தாள். அவன் இரண்டு சிறு போத்தல் கேட்டான். அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள், பின்னர் கொடுத்துவிட்டாள். மறுத்தால் பன்னிருவர் கூச்சலிடுவர் என்று அஞ்சினாளோ, விற்பனைக் கணக்கை நினைத்தாளோ, அறியேன். அதன்பின் நடந்தவற்றை ஒரு குடும்பப் பத்திரிகையில் விரித்துரைக்க விரும்பவில்லை. பாட்டு வந்தது, பாட்டுக்குப் பின் வசை வந்தது. ஆசனப்பட்டி அணியும்படி விளக்கு எரிந்தபோது அவன் எழுந்து நின்றான். அமரச் சொன்ன பணிப்பெண்ணின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு சிரித்தான். அவள் தன் கையை விடுவித்துக்கொண்ட விதத்தில், அது அவளுக்கு முதல் அநுபவம் அன்று என்பது புலனாயிற்று. இறுதியில் வாந்தி. இரப்பர்க் கையுறை மாட்டி அதைத் துடைத்தவளும் அவளே.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைத் தைத்தது மருமகள் கேட்ட ஒரு கேள்வி. ஆசனப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை அவள் வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, திடீரென்று எல்லாரும் இறங்கவேண்டி வந்தால் இவரைத் தாண்டி நாங்கள் எப்படிப் போறது?"

அவன் அப்பொழுது கால்களை முன்னாசனத்தில் முட்டுக்கொடுத்து உறங்கிவிட்டான். எங்களுக்கும் நடைபாதைக்கும் இடையே சுமார் நூறு கிலோ எடையுள்ள உணர்வற்ற உடல். பெரிய விமானம் ஒன்றை அரசாங்கங்கள் அங்கீகரிக்கு முன், வாயில்களில் பாதியை மட்டுமே பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லாரையும் வெளியேற்றிக் காட்டவேண்டும் என்பது விதி. அந்த 90 வினாடிக் கணக்கில் உறங்குகின்ற வெறிகாரனுக்கு இடமே இல்லை. வெறிகாரனைப் பற்றிப் பேசும்போது நாம் வசைச் சொல்லையும் துர்நாற்றத்தையும் மட்டுமே எண்ணுகிறோம். ஜன்னலோரத்தில் இருந்த அந்தச் சிறுமி எண்ணியது தன் உயிரைப் பற்றி. அவளைத் தேற்ற ஏதோ கூறினேன். அவள் நம்பவில்லை, நம்பும்படியாகவும் அது இருக்கவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. ஆகாயத்தில் அருந்தும் ஒரு குவளை தரையில் அருந்தும் இரண்டுக்குச் சமம் என்று பலர் கூறுவர். இரத்தத்திற் கலக்கும் மதுவின் அளவு உயரத்தால் பெருகுவதில்லை. ஆனால் விமானத்தினுள்ளே காற்றமுக்கம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமீது இருப்பதற்கு ஒப்பாகும். நமது நுவரெலியாவும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளலாம். பிராணவாயு குறைந்த அந்த நிலையில் மது உடலை மேலும் வாட்டும். ஜெர்மனியில் செய்யப்பட்டு 2024இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இளம் வயதினருங்கூட அத்தகைய அமுக்கத்தில் மது அருந்தி உறங்கியபோது, இரத்தத்தின் பிராணவாயு அளவு 85 வீதமளவுக்குத் தாழ்ந்தது. இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 88 ஆக உயர்ந்தது. எனவே அந்த உறக்கம் உறங்குபவனுக்கும் நன்மையானதன்று.

பால்மா நகரில் விமானம் இறங்கி நின்றதும், ஒருவரும் எழவேண்டாம் என்று அறிவித்தார்கள். பொலிஸார் இருவர் ஏறி வந்து அவனைத் தட்டி எழுப்பி அழைத்துச் சென்றனர். அதுவரை பாடிய பதினொருவரும் பாடசாலைப் பிள்ளைகளைப் போலத் தலைகுனிந்திருந்தனர். அவன் வாயிலில் திரும்பி, "நான் என்ன செய்தேன்?" என்று கேட்டான். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை என்று தோன்றியது.

பால்மாவைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கடலோரத்தில் பொன்னிறக் கல்லால் எழுந்த பேராலயத்தின் நடுக்கூடம் ஏறக்குறைய 44 மீற்றர் உயரமானது. காலைச் சூரியன் கிழக்குச் சாளரத்தின் வர்ணக் கண்ணாடியூடே புகுந்து எதிர்ச் சுவரில் கோலமிடும் காட்சியை மறத்தல் இயலாது. பார்சலோனாவில் புகழ்பெற்ற கோயிலைக் கட்டிய சிற்பியான கௌடி, 1904 முதல் 1914 வரை இந்த ஆலயத்தின் உட்புறத்தைத் திருத்தியமைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந் நகரிற் பிறந்து, அரபு மொழியையும் கற்றுப் பல சமயத்தாரோடு வாதிட்ட அறிஞர் ரமோன் லுல் என்பாரின் சமாதியும் இங்கே உண்டு. ஆனால் இத் தீவின் பெயரைச் சொன்னால் பிரித்தானிய வாலிபருக்கு நினைவில் வருவது லுல் அல்லர். மகலூப் கடற்கரையின் மதுச்சாலைகள்.

இதனால் மிகவும் மனம் நொந்தவர்கள் தீவுமக்கள். 2020ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர்களுடைய மாநில அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. மகலூப் முதலிய சில பகுதிகளில் மலிவு விலை மதுநேரங்களும், மதுச்சாலைதோறும் ஊர்வலமாய்ச் சென்று குடிக்கும் சுற்றுலாக்களும் தடுக்கப்பட்டன. இரவு ஒன்பதரைக்குப் பின் கடைகளில் மது விற்கலாகாது. உணவோடு மதுவும் அடங்கிய விடுதிக் கட்டணத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு குவளைக்கு மேல் இல்லை என்றாயிற்று. தீவுக்கு இவ்வளவு செய்ய முடிந்தது. தீவுக்கு வருபவன் வானத்திலேயே வெறித்து இறங்கினால் அது என் செய்யும்?

வானம் யாருடையது என்னும் வினா சட்ட அறிஞரை நெடுங்காலம் மருட்டியது. 1948ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், போட்டோ ரீக்கோவின் சான் ஜுவான் நகரிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்த விமானம் ஒன்றில், றம் அருந்திய பிரயாணிகள் இருவர் கைகலந்தனர். வேடிக்கை பார்க்க ஏனையோர் பின்புறம் குவிந்தமையால் விமானத்தின் வால் கனத்தது. நிலை தளம்புவதை உணர்ந்த விமானி, கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னே வந்தார். சண்டையிட்டவருள் ஒருவன் அவருடைய தோளிற் கடித்தான், பணிப்பெண்ணையும் அடித்தான். வழக்கு நியூயோர்க்கில் நடந்தது. 1950இல் தீர்ப்பளித்த நீதிபதி, அவன் இவற்றைச் செய்தது உண்மை என்று கண்டார். ஆனால் சட்டம் பேசியது கடலில் செல்லும் கலத்தைப் பற்றி, விமானம் கலமன்று, அது கடலின் மேல் இருந்ததேயன்றிக் கடலில் இருக்கவில்லை. ஆகவே அவனைத் தண்டிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று முடித்தார். அமெரிக்க மக்கள்சபை 1952இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது.

இந்த வழக்கை எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பில் ஒரு நாள் கூறினேன். வகுப்பு இரண்டுபட்டது. ஒரு சாரார் நீதிபதியை ஏசினர். மற்றவர், எழுதாத சட்டத்தால் ஒருவனைச் சிறையிலிடுவது அதனினும் கொடிது என்றனர். எப்பொழுதும் பின்வரிசையில் மௌனமாக இருக்கும் மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "சேர், வால் கனத்தது குடித்த இரண்டு பேராலும் இல்லையே, பார்க்கப் போனவர்களால்தானே?" என்றான். நான் அந்தக் கோணத்தில் எண்ணியிருக்கவில்லை. மயோர்க்கா விமானத்தில் கைதட்டி உற்சாகப்படுத்திய பதினொருவரும் என் நினைவுக்கு வந்தனர்.

உலகம் முழுவதற்குமான விதி 1963ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் தோக்கியோவில் கைச்சாத்திடப்பட்டது. இன்று 180க்கு மேற்பட்ட நாடுகள் அதற்கு உட்பட்டவை. விமானம் எந் நாட்டிற் பதிவு செய்யப்பட்டதோ அந் நாட்டின் சட்டம் அதனுள்ளே செல்லும் என்றும், ஒழுங்கைக் குலைப்பவனைக் கட்டிவைக்கவும் வழியில் இறக்கவும் பொலிஸாரிடம் ஒப்படைக்கவும் தலைமை விமானிக்கு அதிகாரம் உண்டு என்றும் அது கூறிற்று. அந்த அதிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பிரயாணிகள் ஏறியபின் வெளிக்கதவுகள் யாவும் மூடப்படும் கணத்தில் அது தொடங்குகிறது. இதில் ஒரு குறையும் இருந்தது. ஒரு நாட்டின் விமானம் வேறொரு நாட்டில் இறங்கினால், இறங்கிய நாட்டுப் பொலிஸார் பல வேளைகளில் குற்றவாளியை விசாரிக்க அதிகாரமின்றி விட்டுவிடுவர். 2014இல் மொன்றியலில் இயற்றப்பட்டு 2020 தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம், அதனை ஏற்ற நாடுகளிடையே, இறங்கும் நாட்டுக்கும் விமானத்தை நடத்துவோரின் நாட்டுக்கும் அந்த அதிகாரத்தை அளித்தது.

குடித்தவனைப் பிடிக்கச் சட்டம் இவ்வாறு வளர்ந்தது. ஊற்றிக் கொடுத்தவன் கதை என்ன?

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறள்களும் உண்பவனை நோக்கியவை. விற்பவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. புத்தர் பெருமானோ இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் மதுவாணிகத்தையும் ஒன்றாக வைத்தார். இருவர் கூற்றையும் ஒருசேர வைத்தால் வழக்கு முழுமையாகிறது என்பது என் கருத்து. அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அந்தத் தட்டை எடுத்தால் கடை வாடகையை நீர் தருவீரோ?" என்றார். அதுவும் விடையளிக்க எளிதான கேள்வியன்று.

அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2000ஆம் ஆண்டில் இவ் விடயத்தைத் தொட்டது. 1996இல் பொஸ்ரனிலிருந்து பாரிசுக்குச் சென்ற விமானத்தில் பிரயாணி ஒருவர் சகபிரயாணியால் தாக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். தாக்கியவன் வெறித்திருப்பது தெரிந்தும் சிப்பந்திகள் தொடர்ந்து மது கொடுத்தனர் என்பது அவருடைய முறைப்பாடு. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேன்முறையீட்டு நீதிமன்றமோ, வெறித்தவனுக்கு மேலும் மது கொடுப்பதால் மற்றவருக்குத் தீங்கு விளையலாம் என்பது முன்னரே அறியக்கூடியது. ஆகையால் கம்பெனி பதில் கூறவேண்டியிருக்கலாம் என்று வழக்கை மீண்டும் நடத்த விட்டது.

இந்தியாவில் நிகழ்ந்தது எல்லாரும் அறிந்தது. 2022ஆம் ஆண்டு கார்த்திகை 26ஆந் திகதி, நியூயோர்க்கிலிருந்து டில்லிக்குச் சென்ற எயார் இந்தியா விமானத்தில், மதுமயக்கத்தில் இருந்த பிரயாணி ஒருவர் வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர்மீது சிறுநீர் கழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். விமானமும் இந்தியாவினது, இறங்கியதும் இந்தியாவில். எந் நாட்டுச் சட்டம் என்ற சிக்கல் எள்ளளவும் இல்லை. இருந்தும் ஐந்து வாரத்துக்கு மேலாகக் காரியம் அமுங்கிக் கிடந்தது. பத்திரிகைகள் எழுதிய பின்னரே அசைந்தது. 2023 தை மாதத்தில் அந் நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபை கம்பெனிக்கு 30 இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. தலைமை விமானியின் அநுமதிப்பத்திரத்தையும் மூன்று மாதத்துக்கு நிறுத்தியது. குடித்ததாகச் சொல்லப்பட்டவர் ஒருவர். தண்டனை பெற்றோரில் குடியாத விமானியும் இருந்தார். அது அநீதி என்று விமானிகள் சங்கத்தார் கூறினர். விமானிக்கு அதிகாரம் அளித்த அதே சட்டம் கடமையையும் அளித்தது என்பதை அவர்கள் எண்ணியிருக்கலாம்.

ரயன்எயார் என்னும் கம்பெனி வேறு வழியிற் சென்றது. 2024 சித்திரையில் டப்ளினிலிருந்து லன்சறோட்டேத் தீவுக்குச் சென்ற அதன் விமானம், ஒழுங்கீனமாக நடந்த ஒருவரால் போர்த்துக்கலின் போர்ட்டோ நகரில் இறங்கி இரவு முழுவதும் தங்க நேர்ந்தது. 2025 தை மாதத்தில் அவரிடம் 15,000 யூரோ கேட்டு வழக்கிட்டது கம்பெனி. விமான நிலைய மதுச்சாலைகளில் ஒருவருக்கு இரண்டு குவளைக்கு மேல் விற்கலாகாது என்றும் வற்புறுத்திற்று. நியாயமான கோரிக்கையே. தன் விமானங்களில் உருளும் தள்ளுவண்டியிலும் மது இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால், அதற்கும் அக் கம்பெனி விடை வைத்திருக்கவேண்டும்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கின்படி, 2021இல் 835 விமானப் பிரயாணத்துக்கு ஒன்றாக இருந்த ஒழுங்கீனச் சம்பவம், 2022இல் 568க்கு ஒன்றாகப் பெருகிற்று. அவற்றிற்கெல்லாம் மதுவே காரணம் அன்று. ஆனால் மது ஒரு பெருங்காரணம். கதவு மூடிய பின் செய்யக்கூடியவை யாவும் பொல்லாதவை: கட்டிவைத்தல், வழிமாறி இறங்குதல், ஆயிரக்கணக்கான யூரோ, நூற்றுக்கணக்கானோரின் ஓர் இரவு, ஒரு பணிப்பெண்ணின் மணிக்கட்டு. கதவு மூடுமுன் செய்யவேண்டியதோ மிகச் சிறியது. மதுச்சாலையில் நாலாவது குவளையை மறுக்க ஒருவர்; வாயிலில் டிக்கட்டைப் பார்க்கும்போது முகத்தையும் பார்க்க ஒருவர். வெறித்தவன் தன் பொறுப்பை அறியும் நிலையில் இல்லாத அந்த நேரத்தில், அறியும் நிலையில் உள்ளவர்கள் அவர்கள்தாம்.

மயோர்க்காவிலிருந்து திரும்பிய நாளன்று அப்படி ஒருவரைக் கண்டோம். பால்மா விமான நிலைய வாயிலில் டிக்கட் பரிசோதித்தவர் நடுவயதான ஸ்பானியப் பெண்மணி. எங்களுக்கு முன்னால் நின்ற வாலிபர் இருவரில் ஒருவன் கடவுச்சீட்டைத் தேடித் தன் பைகளையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தான். அது அவன் வாயில் கௌவியபடி இருந்தது. வரிசையிற் சிலர் சிரித்தனர். அந்த அம்மையார் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. இருவரையும் விலகி அமரும்படி கூறி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு வரவழைத்துக் கொடுத்துவிட்டு எங்களைக் கவனித்தார். கடைசியாக மேலதிகாரி ஒருவர் வந்து அவர்களோடு பேசினார். ஒருவனை ஏற்றினார்கள். மற்றவனை ஏற்றவில்லை. அதனால் விமானம் பிந்திய நேரம் ஆறு நிமிடம். நாங்கள் படியேறும்போது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவன் தன் பையின்மீது தலைவைத்து அயர்ந்து உறங்குவது தெரிந்தது. எங்கள் வரிசையில் நடைபாதையோர ஆசனம் வெறுமையாக இருந்தது. மருமகள் அதில் தான் வாங்கிய படப் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டாள்.